பொட்டலக் காகிதத்தில் ஒரு கோல்கீப்பர்

1957 பிப்ரவரி 3, ஞாயிறு

கொத்தமல்லிப் பொட்டலத்தைப் பிரித்தால் லெகார்த்தாவின் கால்கள் மட்டும்! இடுப்புக்கு மேலே கிழிந்து போயிருக்கிறது. தலை யார் வீட்டு மிளகாயைச் சுமந்துகொண்டு போனதோ. கால்தான் என்றாலும் எனக்குத் தெரியும், அவன் கால்தான். வலது முழங்காலில் அந்தத் தழும்பு இருக்கிறது.

அம்மா கேட்டாள். "மல்லிய கொட்டிட்டு காகிதத்த மோந்து பாக்குறியே, நீ பொண்ணா பெருச்சாளியா?"

சொன்னால் அம்மாவுக்குப் புரியாது. எழுதியாவது வைக்கிறேன்.

காந்தி மார்க்கெட் பேப்பர் மண்டிக்கு வெளிநாட்டுப் பழைய செய்தித்தாள்கள் கப்பலில் கட்டுக்கட்டாக வருகின்றன. எடைக்கு வாங்கி மளிகைக் கடைக்காரர்கள் பொட்டலம் மடிக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வெல்லத்தைச் சுற்றியிருந்த தாளில் ஒரு ஆள் தரைக்கு இணையாகப் பறந்துகொண்டிருந்தான். பறவை மாதிரி இல்லை, எறிந்த ஈட்டி மாதிரி. விரல் நுனியில் பந்து. கீழே பெயர். லெகார்த்தா. ஸ்பெயின் தேசத்துக்காரன். வடக்கே கடலோரத்தில் ஏதோ சின்ன ஊர் டீமுக்குக் கோல்கீப்பர். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

அவன் குள்ளம். அதுதான் விசேஷம். வரிசையாக நிற்கும் படத்தில் பக்கத்து ஆளின் தோள் வரைக்கும்தான் இருக்கிறான். எங்கள் மருதை அண்ணன் மாதிரி.

பிப்ரவரி 6

அன்றைக்கு எழுதும்போது அண்ணன் வந்துவிட்டான், மூடிவிட்டேன்.

முக்கியமான விஷயம் இதுதான். ஆகஸ்டோடு அப்பாவுக்கு ரிட்டையர்மென்ட். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் பாய்லர் ஷாப்பிலேயே கழிந்த உத்தியோகம். சம்மட்டிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுகிறோம். ரிட்டையர் ஆனால் இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். மகன் பெர்மனென்ட் ஆளாக இருந்தால் அவன் பேருக்கு மாற்றித் தருவார்கள். அண்ணன் வீல் ஷாப்பில் கலாசி, எடுபிடி வேலை. அதுவும் டெம்பரரி.

ஒரே வழி பந்துதான். ஜூலையில் ஒர்க் ஷாப் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். டீமில் எடுத்த டெம்பரரி பையன்களை பெர்மனென்ட் ஆக்கியிருக்கிறார்கள், போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும். அண்ணன் வீல் ஷாப்புக்குக் கோல்கீப்பர். ஆனால் ரயில் பெட்டி பார்க்கிற கேரேஜ் ஷாப்பில் அழகர்சாமி என்று ஒருத்தர் இருக்கிறார். பனைமரம். கையைத் தூக்கினால் மேல் கம்பத்தைத் தொடுகிறார். எல்லோரும் சொல்கிறார்கள், அவர்தான் என்று.

நான் சொல்கிறேன், லெகார்த்தா குள்ளம்!

பிப்ரவரி 10, ஞாயிறு

வரகனேரிக்குப் போனேன். ஆபிதா அக்கா வீடு. மண்டியிலிருந்து தாளை வாங்கிவந்து பசை தடவி, கடைகளுக்குக் கவர் ஒட்டிக் கொடுக்கிறாள். நான் கூட உட்கார்ந்து மடிப்பேன். கூலி வேண்டாம், பந்து விளையாட்டுப் பக்கம் மட்டும் எனக்கு. அதுதான் ஒப்பந்தம்.

வாசலில் கால் வைக்கும்போதே கத்தினாள். "வா புள்ள! ஒன் மாப்ள வந்து ரெண்டு நாளா காத்துக்கிட்டிருக்காரு. சோறு தண்ணி கேக்கல, நல்ல மனுசன்."

"அக்கா, சும்மா இருங்க."

"ஏன், இங்க உள்ளவங்க யாரும் புடிக்கலியா? கப்பல்ல வந்தவருதான் வேணுமா? சீர் கொண்டுபோக ஒங்கப்பா ரயில்ல போவாரா, கப்பல்ல போவாரா?"

அந்தப் பக்கத்தைக் கட்டின் அடியில், பசை படாமல் வைத்திருந்தாள். திட்டுவாள், ஆனால் எடுத்துவைப்பாள். படத்தில் லெகார்த்தா முன்னால் ஓடிவந்து, உதைக்க வருகிறவனின் காலடியிலேயே பாய்கிறான். கோல் கம்பத்துக்குள் நின்று காத்திருக்கவில்லை. குள்ளமானவன் ஏன் நிற்கவேண்டும்? ஓடிவந்தால் போதுமே!

அண்ணனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம், "இத நான் பண்ணுனா என்னா?" என்றான்.

பிப்ரவரி 17, ஞாயிறு

ஸ்ரீரங்கம். விடியும் முன்பே சைக்கிள் கேரியரில் நான், ஹேண்டில்பாரில் பந்து. காவிரியில் தண்ணீர் ஒரு ஓரத்தில் வாய்க்கால் மாதிரி ஓடுகிறது, மீதி எல்லாம் மணல். அம்மா மண்டபத்தில் குளிக்கிற கூட்டம். அதைத் தாண்டி மேற்கே போய்விட்டோம்.

நான் பந்தை எறிய, அண்ணன் பாய. இடது பக்கம், வலது பக்கம், காலடியில். மணல் என்ன சுகம்! மெத்தையில் விழுகிற மாதிரி. முதலில் பயந்தான். அப்புறம் உடம்பை அப்படியே நீட்டி — படத்தில் இருப்பது போலவே! — பறந்தான். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

தலை முழுகிவிட்டு ஈரப் புடவையோடு போன ஒரு அம்மா நின்று பார்த்தார். "யாரும்மா அது? சாமி வந்துருக்கா?"

"இல்லங்க, எங்கண்ணன்."

"ஐயோ பாவம்" என்று விபூதி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் பூசிக்கொண்டு மறுபடியும் விழுந்தான்.

பிப்ரவரி 24

டொமிங்கோ என்று ஒரு ஆட்டக்காரன். எல்லாப் பக்கத்திலும் அவன் பேர்தான். எல்லா ஊருக்கும் ஆடுகிறான். லெகார்த்தாவுக்கு எதிராகவும் ஆடுகிறான், சேர்ந்தும் ஆடுகிறான். இப்படி ஒரு துரோகியா என்று ஒரு வருஷமாக அவன்மேல் எனக்குக் கோபம்.

இன்று கண்டுபிடித்தேன். டொமிங்கோ என்றால் ஞாயிற்றுக்கிழமை.

ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க திருச்சியில் யார் இருக்கிறார்கள்? லைப்ரரியில் கேட்டேன், இங்கிலீஷ் டிக்‌ஷனரியை எடுத்துக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். படத்தைப் பார், சொல்லைப் பார், இன்னொரு படத்தில் அதே சொல் இருக்கிறதா பார். அவ்வளவுதான் என் பள்ளிக்கூடம். 'போர்த்தேரோ' என்றால் கோல்கீப்பர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

எலெக்‌ஷன் ஜீப் ஒன்று மணலில் இறங்கி மாட்டிக்கொண்டது. அண்ணனும் தள்ளினான். நன்றி சொல்லி இரண்டு கட்சிக் கொடியைக் கம்போடு கையில் கொடுத்தார்கள். அதை நட்டு வைத்து, அதுதான் கோல் கம்பம். இன்று அண்ணன் ஒன்றைக்கூட விடவில்லை.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வீல் ஷாப்புக்கும் கேரேஜ் ஷாப்புக்கும் மேட்ச். பெரிய ஆட்கள் பார்க்க வருவார்கள். அழகர்சாமி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம்! எப்படித் தூங்குவது?

மார்ச் 24

எழுத வரல.

அண்ணனுக்குத் தோள் எறங்கிடுச்சு.

நான் கோலுக்குப் பின்னாடி பூவரச மரத்தடியில நின்னேன். ஆட்டம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரந்தான். கேரேஜ் ஷாப் பையன் இடது பக்கம் ஒதச்சான். அண்ணன் பாஞ்சான். அப்படியே நீட்டி, படத்துல இருக்கற மாதிரியே. நான் 'ஆ'ன்னு கத்துனேன். சந்தோசத்துல கத்துனேன். அப்புறம் கீழ விழுந்த சத்தம். மணல்ல விழற சத்தம் இல்ல. பலகை விழற சத்தம். பொன்மலை கிரவுண்டு செம்மண் சரளை. காங்கிரீட்டு அது. இத ரெண்டு பேரும் யோசிக்கவே இல்லையே! தினம் பாக்குற கிரவுண்டு!

எந்திரிக்கல. இடுப்புல தோல் உரிஞ்சு, தோள் வேற எடத்துல இருந்துச்சு. கட்டு போடுற வைத்தியர்கிட்ட வண்டியில கொண்டுபோனாங்க. வண்டியில ஏத்தும்போது அழகர்சாமி ஓடிவந்து, "தம்பி, கைய நீயே புடிச்சுக்க, ஆட விடாத" ன்னு தன் துண்ட அவுத்துக் கட்டுனாரு. நல்லவரா இருக்காரே அவரு. அதுவும் தாங்க முடியல.

அம்மா என்னோட பேசல.

மார்ச் 26

அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். கஞ்சி கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பாமலே சொன்னான்.

"பொட்டலத்துல வந்தவன நம்புனேன் பாரு. என்னைச் சொல்லணும்."

"அண்ணே..."

"அவன் புல்லுல விழறான் அமிர்தம். எங்கயாச்சும் பச்சப் புல்லுல விழுவான். அவனுக்கு என்னா?"

அப்பாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஆனால் எல்லாம் தெரிந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "திருவெறும்பூர் பக்கம் வீடு பாக்கச் சொல்லியிருக்கேன்" என்றார்.

ஏப்ரல் 1

இன்றிலிருந்து நயா பைசாவாம். தெருவே சண்டை. நான் எங்கும் போகவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

பெட்டியைத் திறந்து லெகார்த்தாவை எல்லாம் தரையில் பரப்பினேன். கிழித்துப்போடத்தான் எடுத்தேன். கிழிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பறக்கிறான். பறக்கிறான். இதிலும் பறக்கிறான். ஒன்றில்கூட விழவில்லை!

இத்தனை படத்தில், தரையில் அவன் உடம்பு படுகிற படம் ஒன்றுகூட இல்லை. பறக்கிறதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். விழுகிறதை எவன் எடுப்பான்? நாங்கள் பாதி வித்தையைத்தான் கற்றுக்கொண்டோம். மீதிப் பாதிக்குக் காவிரி மணல் பொய் சொல்லிவிட்டது.

அண்ணனிடம் சொன்னேன். "அவனும் எங்கேயோ விழத்தானே செய்யறான்? எப்படி விழறான்?"

அண்ணன் சுவரிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

ஏப்ரல் 14

ஆபிதா அக்கா வீட்டுக்கு இத்தனை நாள் போகவில்லை. இன்று போனேன். வாசலில் நின்று அழுதுவிட்டேன். பசைக் கையோடு கட்டிக்கொண்டாள். என் முடியெல்லாம் பசை.

"அண்ணன் கை ஒட்டிருமா?"

"ஒட்டிரும்னாங்க."

"அப்ப ஏன் மவுத்தான வீட்டு ஆளு மாதிரி நிக்கிற? உள்ள வந்து மடி. கடைக்காரன் உசிர எடுக்குறான்."

புதுக் கட்டு வந்திருக்கிறது. இரண்டு பேரும் இருட்டும் வரை தேடினோம். லெகார்த்தா ஒரு பக்கத்தில் இருந்தான். கையில் தொட்டில் கட்டு! ஆஸ்பத்திரிப் படுக்கையில் சிரிக்கிறான். அவனுக்கும் தோள்!

அக்கா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "அவருக்குமா? ஒங்க குடும்பத்துக்குப் பொருத்தமான மாப்ளதான்."

அழுதுகொண்டே சிரித்தேன். தேதி பார்த்தேன், 1954. என்னிடம் 1955 படம் இருக்கிறது, பறக்கிறான்! அப்படியென்றால் திரும்பி வந்திருக்கிறான். தோள் இறங்கினவன் திரும்பி வந்திருக்கிறான்! வீடு வரை ஓடினேன். அண்ணன் மடியில் இரண்டு தாளையும் வைத்தேன். தேதியைத் தொட்டுக் காட்டினேன். அவ்வளவுதான்.

ராத்திரி அவனே கேட்டான். "அந்த ரெண்டாவதக் கொஞ்சம் குடு."

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்று நடந்ததை நிதானமாக எழுதவேண்டும்.

ஆபிதா அக்கா அந்த 1955 படத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். பார்த்ததும் சொன்னாள். "கை ஒடஞ்சு படுத்ததுல மாப்ள ஊதிட்டாரு. இடுப்பப் பாரு, இட்லிப் பானை!"

"ஊதலக்கா. முகம் பாருங்க, ஒட்டித்தான் இருக்கு."

"முகம் ஒட்டி, இடுப்பு மட்டும் எப்படிப் பெருக்கும்? புள்ளத்தாச்சியா அவரு?"

நான் வேறு படங்களை எடுத்தேன். அடிபடுவதற்கு முந்தினதில் இடுப்பு ஒல்லி. அடிபட்ட பிறகு எல்லாப் படத்திலும் டிராயர் இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறது. முழங்கையிலும் சட்டை தடித்திருக்கிறது. உள்ளே ஏதோ வைத்துத் தைத்திருக்கிறான்!

புல்லில் விழுகிறவனே மெத்தை தைத்துப் போட்டிருக்கிறான். சரளையில் விழுகிற நாங்கள்?

ஏப்ரல் 23

என் தலையணையைக் கிழித்தேன். இலவம்பஞ்சை அண்ணன் டிராயருக்குள் இரண்டு பக்கமும் திணித்துத் தைத்துவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஏப்ரல் 30

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெருவுக்கே தெரிந்துவிட்டது.

கட்டு அவிழ்த்தாயிற்று, மெதுவாகப் பழகலாம் என்று வைத்தியர் சொன்னார். அண்ணன் கிரவுண்டில் சும்மா ஒருக்களித்து விழுந்து பார்த்தான். தையல் விட்டுவிட்டது. பஞ்சு குபுக்கென்று வெளியே! காற்றில் கிரவுண்டு முழுக்கப் பறக்கிறது. வீல் ஷாப் பையன்கள் தரையில் புரண்டு சிரித்தார்கள்.

"டேய், மருதை காய் வெடிச்சுட்டான்டா!"

"நெத்து முத்திருச்சுடா!"

அண்ணனும் சிரித்துவிட்டான். அடிபட்ட பிறகு முதல் சிரிப்பு. தலையணை போனது போகட்டும். நான் கையை மடக்கி வைத்துத் தூங்குகிறேன்.

மே 3

அப்பா வேலை விட்டு வந்தார். மேஸ்திரியிடம் சொல்லி வாங்கிய பழைய காட்டன் வேஸ்ட், இஞ்சின் துடைத்துவிட்டுக் குப்பையில் போடுகிற நூல் கழிவு, ஒரு மூட்டை. என் முன்னால் போட்டார்.

"சோடா போட்டு வேக வச்சு அலசு. பஞ்சு ஒதுங்கிப் போயிரும். இது ஒதுங்காது."

"அப்பா, உங்களுக்கு..."

"ஆங்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்னேன்!"

"ஊர் பூரா சிரிக்குது. எனக்குக் காது கேக்காதுன்னா கண்ணும் தெரியாதா?"

மே 12, ஞாயிறு

மூன்று தடவை வேகவைத்தும் எண்ணெய் வாசம் போகவில்லை. பரவாயில்லை. வரிவரியாகத் தையல் ஓட்டி மெத்தை மாதிரி தைத்தேன். இடுப்புக்கு இரண்டு, முழங்கைக்கு இரண்டு. அம்மாவே கடைசியில் ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். "இப்படித் தச்சா ரெண்டு நாள் நிக்குமா? தள்ளு."

மே 26

மணலுக்கே போவதில்லை. கிரவுண்டிலேயே. விழுவதற்கு அண்ணனே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். முதலில் முட்டி போட்டு உட்கார்ந்து சாய்ந்து விழுகிறான். அப்புறம் குந்தி. அப்புறம் நின்று. முழங்கால் பக்கம், தொடை, இடுப்பு, விலா என்று ஒவ்வொன்றாகத் தரையைத் தொடவேண்டுமாம்.

"ஒடம்பு மொத்தமும் ஒரே நேரத்துல தரைக்குப் போகக்கூடாது புள்ள. வரிசையில போகணும். ரேஷன் கடை மாதிரி."

இது எந்தப் பொட்டலத்திலும் வராதது. இது எங்கள் மருதை அண்ணனுடையது!

வீட்டுக்குள்ளும் விழுகிறான். சிமெண்டுத் தரையில் தொம் தொம். அப்பா ஒருவர்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்.

ஜூன் 16

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தில் நின்று பார்த்தேன். நாங்கள் விழுந்து பழகிய இடமெல்லாம் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போகிறது. ஜனங்கள் பூப் போட்டுக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். என்ன வேண்டினேன் என்று எழுதத் தேவையில்லை.

ஜூலை 7

அப்பா திருவெறும்பூரில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டார். அம்மா "ஒரு வாரம் பொறுங்க" என்று கத்தினாள். அப்பாவுக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டு, "சரி" என்றார்.

அம்மா பாத்திரங்களை ஏற்கெனவே சாக்கில் கட்டி வைத்திருக்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று.

ஜூலை 14, ஞாயிறு

நடந்துவிட்டது. எல்லாம் எழுதுகிறேன்.

ஆள் எடுக்கிற ஆட்டம். இரண்டு டீமாகப் பிரித்தார்கள். அழகர்சாமி ஒன்றில், அண்ணன் ஒன்றில். நாற்காலி போட்டு ஆபீசர்கள். பொம்பளைகள் நிற்கிற இடமில்லை அது. ஆனால் ஆபிதா அக்கா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வரகனேரியிலிருந்து வந்துவிட்டாள்! பூவரச மரத்தடியில் என்னோடு நின்றாள்.

"எதுல நம்ம ஆளு?"

"அந்தா, கம்பத்துல நிக்கறது எங்கண்ணன்."

"அம்புட்டுச் சின்னமா இருக்காரு? அந்தக் கம்பமே அவர முழுங்கிரும் போலருக்கே."

முதல் கோல் போய்விட்டது. உயரமாக வந்த பந்து, அண்ணனுக்கு எட்டவில்லை. அழகர்சாமிக்கு எட்டியிருக்கும். நாற்காலியில் ஒருத்தர் எதையோ குறித்துக்கொண்டார். இன்னொன்றும் போனது. அப்பா அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார் — வருவேன் என்று சொல்லவே இல்லை.

இடைவேளைக்குப் பின்னால்தான். ஸ்டோர்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு பையன், பூட்ஸ் போட்டவன், பந்தை எடுத்துக்கொண்டு தனியாக வருகிறான். நடுவில் யாருமே இல்லை. அண்ணன் வெறுங்கால். கம்பத்துக்குள் நிற்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஓடினான்! முன்னால்! பூட்ஸ் கால் பின்னால் போகிறது, அண்ணன் கீழே போகிறான். முழங்கால், தொடை, இடுப்பு — வரிசையில்! — சரளை தெறிக்கிறது, அந்தப் பையன் அண்ணன் மேல் தடுக்கி விழுகிறான், புழுதி. ஒன்றும் தெரியவில்லை.

ஆபிதா அக்கா என் கையை நசுக்கிவிட்டாள். "யா அல்லா, போச்சா? எந்திரிக்கிறாரா? சொல்லு புள்ள!"

புழுதிக்குள் அண்ணன் உட்கார்ந்திருந்தான். பந்து வயிற்றில். எழுந்தான். தோளை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான். பந்தை உதைத்தான்.

நான் கத்தவில்லை. இந்தத் தடவை எழுந்து நின்ற பிறகுதான் கத்தினேன்.

அதற்கப்புறம் இன்னும் நாலைந்து தடவை ஓடி வந்து விழுந்தான். ஒவ்வொரு தடவையும் எழுந்தான். ஆனாலும் அவன் டீம் தோற்றுவிட்டது. அழகர்சாமி ஒன்றே ஒன்றுதான் விட்டார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றாள். "செயிச்சியா?"

"தோத்துட்டோம்மா."

அம்மா உள்ளே போய் சாக்குக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே பொதுவாகச் சொன்னார். "பூட்ஸ் கால்ல தலையக் குடுத்துட்டு எந்திரிச்சு வந்திருக்கான். ஒரு டம்ளர் மோர் குடு மொதல்ல."

ஜூலை 16

ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 17

இன்றும்.

ஜூலை 22, திங்கள்

எடுத்துட்டாங்க! எடுத்துட்டாங்க! எடுத்துட்டாங்க!

நோட்டீஸ் போர்டில் பார்த்துவிட்டு அழகர்சாமிதான் சைக்கிளில் முதலில் வந்து சொன்னார். மூச்சு வாங்குது அவருக்கு. "மொதக் கீப்பர் நான். ரெண்டாவது கீப்பர் ஒங்க மருதை. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பிராக்டீஸ். அந்த ஓடிவந்து விழறத எனக்குச் சொல்லித் தரணும்னு சொல்லிட்டேன் அவன்கிட்ட."

அம்மாவுக்குக் கொஞ்சம் குறை. "ரெண்டாவதா?"

அப்பா காதில் கையை வைத்து அழகர்சாமி பக்கம் குனிந்தார். "ரெண்டாவது ஆளும் பெர்மனென்டா?"

"பெர்மனென்டுங்க!"

"ஆங்?"

"பெர்! ம! னென்ட்!"

தெருவே எட்டிப் பார்த்தது. அப்பா தலையை ஆட்டினார். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ரொம்ப நேரம் கழுவினார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆபிதா அக்காவுக்கு இனிப்பு கொண்டுபோனேன். அவள் எதையோ முந்தானையில் மூடி வைத்திருந்தாள். "சொல்றதுக்கு மனசில்ல புள்ள. ஒன் மாப்ள கோட்டு போட்டுட்டாரு."

போன வருஷத்துத் தாள். லெகார்த்தா கோட்டு சூட்டில், கையில் பூச்செண்டு. பின்னால் ஸ்டேடியம் நிறைய ஜனம், எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் புரிந்துவிட்டது. ஆட்டத்தை விட்டுவிட்டான். நான் அவனை நினைத்து உருகிக்கொண்டிருந்த இந்த வருஷம் பூராவும் அவன் ஆடவே இல்லை! கப்பல் மெதுவாகத்தானே வரும்.

அழுகை வருமென்று நினைத்தேன். வரவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாத் தாளையும் தேதிப்படி அடுக்கினேன். இத்தனை நாளாக வெல்லமும் மிளகாயும் வந்த வரிசையில்தானே அவனைத் தெரிந்துகொண்டேன். இப்போதுதான் நேராகப் பார்க்கிறேன். ஆரம்பத்து டீம் படங்களில் அவன் ஓரத்தில் நிற்கிறான், ஆட்டச் சட்டைகூட இல்லாமல். இரண்டு மூன்று வருஷம் அப்படியே ஓரம். பிறகு ஒருநாள் கம்பத்துக்கு நடுவில். பிறகு ஏழு கோல் வாங்கி முகத்தை மூடிக்கொண்டு ஒரு படம். பிறகு பறக்கிறான், பறக்கிறான். ஆஸ்பத்திரி. மெத்தை தைத்த டிராயர். தலை முன்பக்கம் வழுக்கை விழுகிறது. கோட்டு.

ஓரத்தில் நிற்கிற அந்தப் படத்தை அண்ணன் எடுத்துக்கொண்டான். தன் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 31, சனி

அப்பாவுக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். பாய்லர் ஷாப் ஆட்கள் வீடு வரைக்கும் வந்தார்கள். எல்லோருக்கும் காது மந்தம், எல்லோரும் கத்தினார்கள். தெருவில் ஏதோ சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா ஓடிவந்துவிட்டாள்.

செப்டம்பர் 2, திங்கள்

காலைச் சங்கு ஊதியது. மற்ற எது கேட்காவிட்டாலும் அப்பாவுக்கு அந்தச் சங்கு கேட்கும். எழுந்தார், சட்டையை மாட்டினார், வாசலுக்குப் போனார். அங்கே நின்றுவிட்டார்.

"சைக்கிள எங்க?"

"மருதை எடுத்துட்டுப் போயிட்டான்!" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். சாக்கைப் பிரித்துப் பாத்திரங்களை மறுபடியும் பரணில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "மொத சங்குக்கே போயாச்சு!"

அப்பா கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தார். வரிசையாகச் சைக்கிள்கள் ஒர்க் ஷாப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"பின் சக்கரத்துல காத்து கம்மியா இருந்துச்சே. அடிச்சுட்டுப் போனானா?"

"அடிச்சான்பா!" என்றேன்.

"ஆங்?"

"அடிச்சுட்டுத்தான் போனான்!"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வந்து உட்கார்ந்து, காப்பி கேட்டார்.